முதியோர் இல்லங்களுக்கு ஆக்ஸிஜன் கருவி மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்க, காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான், புதுவயல் பக்கத்து முதியவர்கள் பலர் இன்று இல்லங்களில்தான் இருக்கிறார்கள். அறுபதாம் கல்யாணம், சதாபிஷேகம், பெற்றோர் நினைவு நாள் என்றால் இந்த இல்லங்களுக்கு ஒரு வேளைச் சாப்பாடு போடுவது நம் பக்கத்து வழக்கம். 2021 கொரோனா இரண்டாம் அலைக்குப் பிறகு காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டர், மருந்தைப் பனிப்புகையாக்கி மூச்சில் இழுக்க வைக்கும் நெபுலைசர் வாங்கிக் கொடுப்பதும் அதோடு சேர்ந்துகொண்டது. நல்ல அறம்தான். ஆனால் கருவி வந்து இறங்கிய அன்று எடுக்கும் புகைப்படத்தோடு வேலை முடிந்துவிடுவதில்லை. ஆக்ஸிஜன் ஒரு மருந்து. யாருக்கு, எத்தனை லிட்டர், எந்த அளவு வரை என்று எழுதி வைக்காமல் கொடுத்தால், மற்ற மருந்துகளைப் போலவே அதுவும் ஆளைச் சாய்க்கும். இல்லம் நடத்துபவர்களும், நன்கொடை கொடுப்பவர்களும், உறவினரை அங்கே விட்டிருப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியதை எழுதுகிறோம்.

முதலில் அளவு. நிமோனியா போன்ற திடீர் நோயில் ஆக்ஸிஜன் வைக்கும்போது, பெரும்பாலானவர்களுக்கு, விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவைப் பார்க்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரில் 94 முதல் 98 சதவீதம் வரை இருந்தால் போதும். சி.ஓ.பி.டி. என்கிற நாள்பட்ட மூச்சடைப்பு நோயால் கரியமில வாயு தேங்கும் அபாயம் உள்ளவர்களுக்கு இலக்கு 88 முதல் 92 வரைதான். 90 என்று பார்த்ததும் பதறி, குமிழைத் திருகி 5 லிட்டருக்கு ஏற்றிவிடுகிறார்கள். விரலில் 99 காட்டும், எல்லோருக்கும் நிம்மதி. உள்ளே ரத்தத்தில் கரியமில வாயு ஏறிக்கொண்டிருக்கும். ஆக்ஸிமீட்டர் அதைக் காட்டாது. தேவைக்கு மேல் ஆக்ஸிஜன் போனால், காற்று சரியாகப் போகாத நுரையீரல் பகுதிகளுக்கும் ரத்தம் திரும்பிவிடும். கழிவு வாயு வெளியேறுவது குறையும். மூச்சின் வேகமும் ஓரளவு தணியும். முதலில் தலைவலி, பிறகு குழப்பம், கை உதறல், அப்புறம் மயக்கம் கலந்த தூக்கம். “ஆச்சி இன்னைக்குத்தான் அசந்து தூங்குறாக” என்று எழுப்பாமல் விடும் அந்த ராத்திரிதான் ஆபத்தானது. ஆக்ஸிஜனில் இருப்பவர் வழக்கத்துக்கு மாறாகத் தூங்கினால் தட்டி எழுப்பிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பேச்சு குழறினால் அது அவசரம். அதற்காக ஆக்ஸிஜனை ஒரேயடியாகக் கழற்றிவிடவும் கூடாது. அளவு திடீரென ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். 88–92க்கு வரும்வரை சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே மருத்துவரை அழைக்க வேண்டும்.

சி.ஓ.பி.டி. என்றால் பீடி, சிகரெட் பிடித்த ஆண்களுக்கு வருவது என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. நாற்பது ஐம்பது வருடம் விறகடுப்பில் ஊதி ஊதிச் சமைத்த பெண்களுக்கும் வரும். புகையிலையைத் தொட்டே பார்க்காத ஆச்சிமாருக்கு “வயசாச்சு, அதான் மூச்சு வாங்குது” என்று எழுதாமல் விட்ட நோய் அநேகமாக இதுதான். இல்லத்தில் சேர்க்கும்போதே விறகடுப்புப் பழக்கம், பழைய காசநோய், ஆஸ்துமா மூன்றையும் கேட்டு எழுதி, ஒருமுறை ஸ்பைரோமெட்ரி (ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனை) எடுத்துவிட்டால், யாருக்கு எந்த இலக்கு என்று மருத்துவர் முடிவு செய்ய உதவும்.

எதன் வழியாகக் கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். மூக்குக் குழாய்க்கு நிமிடத்துக்கு 1 முதல் 4 லிட்டர் வரை சரி, மிஞ்சிப்போனால் 6. வளைந்த முனை கீழ்நோக்கி, மூக்குத் துவாரத்தின் போக்கில் இருக்க வேண்டும். காதுக்குப் பின்னால் குழாய் அழுத்தும் இடத்தில் பஞ்சோ துணியோ வையுங்கள். அங்கே வரும் புண் எளிதில் ஆறாது. சாதாரண முகமூடியை 5 லிட்டருக்குக் கீழ் வைக்கவே கூடாது. வெளிவிட்ட மூச்சு முகமூடிக்குள்ளேயே தங்கி, அதையே திரும்ப இழுக்க நேரும். அளவு துல்லியமாக வேண்டுமானால் வெஞ்சுரி முகமூடி: நீல முனை 2 லிட்டரில் 24 சதவீத ஆக்ஸிஜன், வெள்ளை முனை 4 லிட்டரில் 28 சதவீத ஆக்ஸிஜன். முனையிலேயே அச்சிட்டிருப்பார்கள். மூச்சடைப்பு நோயாளிகள் இருக்கும் இல்லத்தில் இந்த இரண்டு நிறமும் அலமாரியில் இருக்க வேண்டும்.

இனி கான்சன்ட்ரேட்டர். அறைக் காற்றில் 21 சதவீத ஆக்ஸிஜன்தான் இருக்கிறது. கருவிக்குள் இருக்கும் சியோலைட் மணிகள் நைட்ரஜனைப் பிடித்துக்கொண்டு, 93 சதவீதத்துக்கு மூன்று கூடவோ குறையவோ ஆக்ஸிஜனை வெளியே தள்ளுகின்றன. மணிகளுக்கு ஈரமும் தூசியும் ஆகாது. உக்கிராண அறையில் வருடக்கணக்கில் போர்த்தி வைத்த கருவியை அவசரத்துக்கு எடுத்து ஓட்டினால் சத்தம் வரும், காற்று வரும், ஆக்ஸிஜன் வராமல் போகலாம். உபயோகம் இல்லாவிட்டாலும் மாதம் ஒருமுறையாவது சில மணி நேரம் ஓட்டுங்கள். சர்வீஸுக்கு வருபவரிடம் ஆக்ஸிஜன் சதவீதத்தை அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி வையுங்கள். வெளிப்புற ஃபில்டரை வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் அலசி, முழுவதும் உலர்ந்த பிறகே மாட்டுங்கள். பெரும்பாலான கருவிகள் 40 டிகிரி வரைதான் தாங்கும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே வைத்தால் திணறிவிடும். வோல்டேஜ் ஏறி இறங்கும் ஊரில் ஸ்டெபிலைசர் இல்லாமல் மாட்டாதீர்கள்.

நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று காட்டும் ஃப்ளோமீட்டரில் உருண்டையின் நடுப்பகுதி எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் அளவு. ஆக்ஸிஜனை ஈரமாக்கும் தண்ணீர் பாட்டிலின் (ஹியூமிடிஃபையர்) மூடி சரியாக இறுகவில்லை என்றால் மீட்டர் 2 லிட்டர் காட்டும், மூக்குக்கு ஒன்றும் போகாது. குழாயை ஒரு கணம் மடக்கிப் பிடித்துப் பாருங்கள். பாட்டில் விசில் அடிக்க வேண்டும். அடிக்கவில்லை என்றால் மூடியிலோ இணைப்பிலோ கசிவு. அதற்குப் பிறகு மூக்கு முனையை ஒரு தம்ளர் தண்ணீரில் விட்டுப் பாருங்கள், குமிழி வர வேண்டும். அரை நிமிட வேலைதான். ஒவ்வொரு ஷிஃப்ட் மாறும்போதும் இதைச் செய்தால் பாதிப் பிரச்சினை வராது. மூக்குக் குழாயை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும், சளி பிடித்து ஆறிய பின்னும் மாற்ற வேண்டும்.

அந்தப் பாட்டில் தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சம்பை ஊற்றுத் தண்ணீர் குடிக்க எவ்வளவு ருசியாக இருந்தாலும் ஹியூமிடிஃபையருக்கு ஆகாது. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். கிடைக்காத அன்று கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர். மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவே நிற்க வேண்டும். குறைந்த தண்ணீருக்கு மேல் ஊற்றி நிரப்பக் கூடாது. தினமும் கொட்டி, கழுவி, காயவைத்துப் புதிதாக ஊற்ற வேண்டும். 4 லிட்டருக்குக் கீழே மூக்குக் குழாயில் கொடுக்கும்போது பெரும்பாலும் இந்தப் பாட்டிலே தேவையில்லை. அழுக்குப் பாட்டிலை மாட்டுவதைவிட மாட்டாமல் இருப்பது நல்லது.

மின்தடைக்கு வருவோம். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மாலை 5 வரை மின்சாரம் இருக்காது என்ற அறிவிப்பு உங்கள் நாளிதழிலேயே வருகிறது. அதைக் கத்தரித்து இல்லத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது ஒருவருடைய பொறுப்பாக இருக்க வேண்டும். இன்வெர்ட்டரை நம்ப வேண்டாம். 350 வாட் இழுக்கும் 5 லிட்டர் கான்சன்ட்ரேட்டரை, 150 ஏ.ஹெச். பேட்டரி ஒன்று புதிதாக இருந்தாலே மூன்று, மூன்றரை மணி நேரம்தான் தாங்கும். சிலிண்டர்தான் துணை. கணக்கு எளிது: சிலிண்டரின் தண்ணீர்க் கொள்ளளவை மீட்டர் காட்டும் அழுத்தத்தால் (‘பார்’ அளவில்) பெருக்கினால் மீதமுள்ள லிட்டர் வரும். சின்ன ‘பி’ டைப் சிலிண்டர் 10 லிட்டர் கொள்ளளவு. நிரம்பியிருக்கும்போது மீட்டர் 150 காட்டினால் 1500 லிட்டர். நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் எட்டு மணி நேரத்துக்குச் செலவு 960. ஆக, ஒருவருக்கு ஒரு முழு சிலிண்டர் போதும். அதே சிலிண்டர் பாதிதான் இருந்தது, 75 காட்டியது என்றால் 750 லிட்டர். காலை 9 மணிக்குத் திறந்தால் பகல் மூன்றேகாலுக்குத் தீர்ந்துவிடும். இரண்டு பேர் ஆக்ஸிஜனில் இருந்தால் முழு சிலிண்டரும் போதாது. முதல் நாள் மாலையே மீட்டரைப் பார்த்து இந்தக் கணக்கைப் போட்டு எழுதுங்கள். ஸ்பேனர் சிலிண்டரிலேயே சங்கிலியில் தொங்க வேண்டும். சிலிண்டர் நிறைய இருந்தும் ஸ்பேனரைத் தேடி நேரம் போவது அடிக்கடி நடக்கிறது.

சிலிண்டரை நிமிர்த்திச் சங்கிலியால் சுவரோடு கட்டுங்கள். வால்வை மெதுவாகத் திறங்கள். எண்ணெய்க் கையோடு ரெகுலேட்டரைத் தொடவே கூடாது; அழுத்தமான ஆக்ஸிஜனில் எண்ணெய் தானாகவே தீப்பிடிக்கும். மூக்கு வறண்டால் தேங்காய் எண்ணெய், வாசலின், விக்ஸ் எதையும் தடவாதீர்கள், தண்ணீர் கலந்த ஜெல் மருந்துக் கடையில் கிடைக்கும். ஆக்ஸிஜன் தானாக எரியாது, மற்றதை வேகமாக எரிய வைக்கும். சேலை, தலையணை, தலைமுடி எல்லாம் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மூக்குக் குழாயைக் கழற்றிக் கட்டிலில் போட்டுவிட்டு, கருவியை நிறுத்தாமல் சாமி கும்பிடப் போகிறவர்கள் உண்டு. விளக்கு, சூடம், ஊதுபத்தி, சாம்பிராணி, கொசுவர்த்தி எதுவாக இருந்தாலும் ஆக்ஸிஜன் இருக்கும் இடத்திலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். ஆக்ஸிஜனை நிறுத்திக் குறைந்தது 20 நிமிடம் கழித்தே நெருப்பின் அருகே போகலாம். வெள்ளிக்கிழமை தீபாராதனையைக் கட்டிலுக்குக் கொண்டுவராமல், வாசலில் நின்று காட்டச் சொல்லுங்கள். சாம்பிராணிப் புகையும் கொசுவர்த்திப் புகையும் மூச்சடைப்பு நோயாளிக்கு நேரடியாகவே கெடுதல், கொசுவலை கட்டுங்கள்.

நெபுலைசரில் நடக்கும் தவறுகள் வேறு வகை. ஒரே முகமூடியை வரிசையாக எல்லோருக்கும் வைப்பது அதில் மோசமானது. ஆளுக்கொரு கப், ஆளுக்கொரு முகமூடி, மேலே பெயர். கப்பில் ஒரு மி.லி. அளவு மருந்து எப்போதும் அடியில் தங்கிவிடும் என்பதால், 2.5 மி.லி. மருந்தோடு மருத்துவர் சொல்லும் அளவுக்கு நார்மல் சலைன் சேர்த்து 4 மி.லி. ஆக்குவது வழக்கம். குழாய்த் தண்ணீர் சேர்க்கக் கூடாது. நிமிர்ந்து உட்கார வைத்து, கப்பை நேராகப் பிடித்து, பத்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும். அதற்கு மேல் இழுத்தால் கப்பின் துளை அடைத்திருக்கிறது அல்லது கம்ப்ரசர் பலவீனமாகிவிட்டது. சி.ஓ.பி.டி. உள்ளவருக்கு ஆக்ஸிஜனால் நெபுலைசரை ஓட்டக் கூடாது, ஏனென்றால் அதற்கு 6 முதல் 8 லிட்டர் வேகம் தேவை. கம்ப்ரசரில் ஓட்டிக்கொண்டு, கூடவே மூக்குக் குழாயில் அவருக்கான சிறிய அளவைத் தொடருங்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் இப்ராட்ரோபியம் கலந்த மருந்து முகமூடி இடுக்கு வழியாகக் கண்ணில் பட்டால் கண்நீர் அழுத்த நோய் உள்ளவருக்கு ஆபத்து. முகமூடி மூக்கின் மேல் படிந்து இருக்கட்டும். புடசோனைடு என்ற ஸ்டீராய்டு மருந்து வைத்த பிறகு வாய் கொப்பளித்து, முகம் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும். ஒவ்வொரு முறையும் கப்பைப் பிரித்துக் கழுவி, கொதித்து ஆறிய தண்ணீரில் அலசி, சுத்தமான துணியில் கவிழ்த்து முழுவதும் காய வையுங்கள். ஈரத்தோடு டப்பாவுக்குள் மூடினால் அடுத்த முறை மருந்தோடு கிருமியும் நுரையீரலுக்குள் போகும். ஸ்பேசர் என்கிற இடைக்குழலோடு இன்ஹேலர் இழுக்க முடிந்தவர்களுக்குப் பல சமயம் அதுவே போதும். ஒரு அழுத்து, நாலைந்து மூச்சு, பிறகு அடுத்த அழுத்து.

இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் நெபுலைசர் வைத்துச் சமாளிக்காதீர்கள். அரசு மருத்துவமனையில் இலவசமாகச் சளிப் பரிசோதனை செய்யுங்கள். காசநோய் இருக்கும் ஒருவருக்குப் பொது ஹாலில் நெபுலைசர் வைத்தால் ஹால் முழுக்கப் பரவும். முற்றத்தை ஒட்டிய காற்றோட்டமான இடம் நம் பக்கத்துப் பழைய வீடுகளில் இருக்கவே இருக்கிறது. வளவைச் சுற்றியுள்ள ஜன்னல் இல்லாத உள்ளறையில் நோயாளியைப் படுக்க வைக்காதீர்கள்.

இவ்வளவு கருவி பற்றிச் சொன்னாலும், முதியவர்களின் நுரையீரலைக் காப்பதில் வாயைச் சுத்தம் செய்வதற்கும் சோறூட்டும் விதத்துக்கும் ஈடான கருவி எதுவும் இல்லை என்பது எங்கள் உறுதியான கருத்து. ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு ஆண்டுகள் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் பராமரிப்பாளர்கள் பல் துலக்கிவிட்டவர்களில் 11 சதவீதத்தினருக்கு நிமோனியா வந்தது. அந்தக் கவனிப்பு இல்லாதவர்களில் 19 சதவீதம். செலவு ஒரு மென்மையான பிரஷ். ராத்திரி பல் செட்டைக் கழற்றிக் கழுவித் தண்ணீரில் போடுங்கள். வெற்றிலை இடித்துப் போடும் பழக்கம் உள்ளவர்களின் கன்னக் கதுப்பில் பாக்குத் துணுக்கு ஒதுங்கியிருக்கும், படுக்கும் முன் விரலில் துணி சுற்றித் துழாவி எடுத்துவிடுங்கள்.

புரையேறுவதுதான் பெரிய ஆபத்து. அதிலும் பக்கவாதம் வந்தவர்களுக்கு இருமலே இல்லாமல் உணவு மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். சாப்பிட்ட பிறகு குரல் கரகரவென்று ஈரமாக மாறினால் அதுதான் அடையாளம். தேக்குச் சாய்வு நாற்காலியில் சாய்ந்தபடி, ஊஞ்சலில் ஆடியபடி காப்பி கொடுப்பதை நிறுத்துங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, முகவாய் சற்றுத் தாழ்ந்து, சின்னக் கரண்டி, ஒரு வாய் விழுங்கிய பிறகே அடுத்த வாய். முடிந்ததும் அரை மணியாவது படுக்கக் கூடாது. அரைத் தூக்கத்தில் இருப்பவருக்கும், நிமிடத்துக்கு 25 தடவைக்கு மேல் மூச்சு வாங்குபவருக்கும் ஊட்டக் கூடாது. மாவுருண்டை, சீடை, தேன்குழல் போன்று உதிர்ந்து தொண்டையில் ஒட்டுபவை வேண்டாம். ரசச் சோறும் பலருக்கு ஆகாது. பருக்கையை மெல்லும்போதே தண்ணீர் முந்திக்கொண்டு உள்ளே ஓடிவிடும். திரவத்தைக் கெட்டியாக்கச் சொல்லி மருத்துவரோ விழுங்கும் பயிற்சியாளரோ எழுதியிருந்தால், ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்சில் கஞ்சியை நிரப்பி, பத்து விநாடி ஒழுகவிட்டுப் பாருங்கள். 0 முதல் 10 வரையுள்ள அளவுக்கோடு 61.5 மில்லிமீட்டர் நீளம் இருக்கும் சிரிஞ்சுதான் இதற்குச் சரி. 1 முதல் 4 மி.லி. மிஞ்சினால் மிக லேசான கெட்டி, 4 முதல் 8 என்றால் லேசான கெட்டி. அரிசிக் கஞ்சியில் எச்சில் பட்ட கரண்டியைத் திரும்பத் திரும்ப விட்டால் எச்சில் மாவுச்சத்தைக் கரைத்துக் கஞ்சியை நீர்க்க வைக்கும். கொஞ்சம் கொஞ்சமாகத் தனிக் கிண்ணத்தில் எடுத்து ஊட்டுங்கள். யார் சொல்லாமலும் எல்லோருக்கும் கெட்டியாக்காதீர்கள். தண்ணீர் குடிப்பது குறைந்து உடல் வறண்டுவிடும்.

மூக்கு வழி உணவுக் குழாய் உள்ளவருக்குத் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்தே இருக்க வேண்டும். குழாய் வயிற்றில்தான் இருக்கிறதா என்று பார்க்க, காற்றை அடித்து வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கும் பழைய முறையை நம்பக் கூடாது. குழாய் வழியே உறிஞ்சி எடுத்த நீரை, அமிலத்தன்மை காட்டும் பி.ஹெச். தாளில் பார்த்தால் 5.5 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்தவரை, அதே அளவில் ஒரு குழாயும் ஒரு அளவு சிறியதும் கட்டில் தலைமாட்டில் இல்லாமல் எந்த இல்லமும் ஏற்கக் கூடாது. சளியை உறிஞ்சி எடுக்கும் சக்‌ஷன் ஒரு தடவைக்கு 10 முதல் 15 விநாடி, அழுத்தம் 80 முதல் 120 மில்லிமீட்டர் பாதரசம். பயிற்சி பெற்ற கை மட்டுமே அதைத் தொட வேண்டும்.

ஆக்ஸிமீட்டர் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். விரல் குளிர்ந்திருந்தாலும், நகப்பூச்சு, அடர்ந்த மருதாணி இருந்தாலும் தவறாகக் காட்டலாம். கருத்த தோலில் உண்மையைவிடச் சற்று கூடுதலாகவும் காட்டுவதுண்டு. ஒரு நிமிடம் வைத்திருந்து, அது காட்டும் நாடித்துடிப்பு கையில் எண்ணுவதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். மூச்சை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள்: 12 முதல் 20 வரை இயல்பு, 25 தொட்டால் மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். முதியவர்களுக்கு நிமோனியா காய்ச்சலே இல்லாமல் வரும். திடீர்க் குழப்பம், சாப்பாடு வேண்டாம் என்பது, காரணமின்றி விழுவது இவைதான் முதலில் தெரியும்.

நன்கொடையாளர்களுக்கு ஒரு கோரிக்கை. கான்சன்ட்ரேட்டர் கொடுத்தால் கூடவே நிரம்பிய ‘பி’ டைப் சிலிண்டர், ரெகுலேட்டர், ஸ்டெபிலைசர், ஒரு வருடத்துக்கான மூக்குக் குழாய், இரண்டு ஆக்ஸிமீட்டர் கொடுங்கள். 350 வாட் கருவி இடைவிடாமல் ஓடினால் நாளுக்கு 8.4 யூனிட், இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்கு மேல். அந்தக் கட்டணத்துக்குப் பயந்தே கருவியை அணைத்து வைக்கிறார்கள். இல்லத்தில் இருப்பவர்களுக்கு வருடாந்திர ஃப்ளூ தடுப்பூசி, மருத்துவர் சொல்லும் நிமோகோக்கல் தடுப்பூசி இரண்டுக்கும் பணம் கட்டினால், அது புதிய கருவியைவிடப் பெரிய உதவி. சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டச் சமூகநல அலுவலர்கள் இல்லங்களை ஆய்வு செய்யும்போது, ஒவ்வொரு ஷிஃப்டிலும் பயிற்சி பெற்றவர் ஒருவராவது இருக்கிறாரா, சிலிண்டர் மீட்டரைத் தினமும் எழுதுகிறார்களா என்பதையும் பார்க்க வேண்டும்.

மூச்சுத் திணறலோடு ஒருவரை 108இல் ஏற்றும்போது அவரோடு ஒரு தாள் போக வேண்டும். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் 2010இல் வெளியான ஆய்வில், ஆம்புலன்ஸில் அளவு பார்க்காமல் நிறைய ஆக்ஸிஜன் பெற்ற, சி.ஓ.பி.டி. உறுதியான நோயாளிகளில் 9 சதவீதம் பேர் இறந்தார்கள். 88–92 என்று அளந்து கொடுக்கப்பட்டவர்களில் 2 சதவீதம். ஆம்புலன்ஸில் வருபவருக்கு இவர் யார், என்ன நோய் என்று தெரியாது. எனவே தாளின் முதல் வரியில் சிவப்பு மையில் அவருக்கான இலக்கு எண். அதன் கீழே நோயின் பெயர், நலமாக இருக்கும் நாளில் அவருக்கு வழக்கமாக இருக்கும் ஆக்ஸிமீட்டர் அளவு, இப்போது ஓடும் லிட்டர், கடைசியாக நெபுலைசர் வைத்த நேரம், கடைசியாகச் சாப்பிட்ட நேரம், வழக்கமாகத் தெளிவாகப் பேசுவாரா இல்லையா. மருத்துவர் கையெழுத்தோடு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டில் தலைமாட்டில் இப்போதே மாட்டுங்கள். அவருடைய வெஞ்சுரி முகமூடியையும் அதே உறையில் வைத்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மூச்சுப் பராமரிப்புச் செவிலியர்கள், இயன்முறை மருத்துவர்கள்
காரைக்குடி வட்டாரம்